உள்ளே ஒருவன்

ஹார்மட்டான் வறண்ட காற்றின் புழுதி கானாவின் தமாலே நகர அலுவலக ஜன்னலை மஞ்சளாக்கியிருக்கிறது. போல்காட்டாங்கா ஊரிலுள்ள சர்வரை இங்கிருந்தே பராமரிக்கும் வும்பினி, அதன் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று விசைப்பலகையில் தட்டிக் கேட்கிறாள். இரண்டு பெயர்கள் வருகின்றன: அவளுடையதும் சக ஊழியன் அயினேயுடையதும். அயினேயைப் புதைத்து நாற்பது நாளாகிறது. இருவரும் சேர்ந்து வேலைபார்த்த திரையை சர்வரில் ஓடும் ஒரு கட்டற்ற மென்பொருள் இன்னும் மூடாமல் காத்துவைத்திருக்கிறது; ரீஸ்டார்ட் செய்தால் அது அழிந்துவிடும். வரியின் முன்னால் # போட்டால் இயந்திரம் கண்டுகொள்ளாது. அப்படித்தான் வேலைக்கு நடுவே பேசிக்கொள்வார்கள். கடைசி வரியில் கர்சர் துடிக்கிறது: "# அக்கா, சூடா கோசே வடை வாங்கிட்டு வந்துடறேன். மூடிடாதீங்க." அடுத்த அறையிலிருந்து மேலாளர் ஃபுசைனி கத்துகிறார்: "இன்னுமா ரீஸ்டார்ட் பண்ணல? உள்ள யாராச்சும் இருக்காங்களா என்ன?" வும்பினியின் விரல் விசைக்கு மேலேயே நிற்கிறது. "ஒருத்தன் இருக்கான் சார். கோசே வாங்கப் போயிருக்கான், வந்துடட்டும்."