மேல் வீட்டுக்காரி

குழந்தை கண்ணயர்ந்தால் போதும், மூக்கில் வேர்த்த மாதிரி அக்காவின் போன் வந்துவிடும்.

"எங்க மேல் வீட்டுக்காரி இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாடி. காலையிலேர்ந்து நாற்காலியை இழுத்துக்கிட்டே இருக்கா. என் தலைக்குள்ள இழுக்கற மாதிரி இருக்கு."

இவள் தொட்டில் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு உம் கொட்டுவாள். குழந்தை பிறந்த பிறகுதான் அக்கா புது வீட்டுக்குக் குடிபோனாள்; இவள் இன்னும் அங்கே போனதில்லை. குடிபோனதிலிருந்து இதே பல்லவிதான். ஒரு நாள் நாற்காலி. ஒரு நாள் தொம் தொம்மென்று நடை. இன்னொரு நாள் பால்கனியில் சொட்டும் ஈரத்துணி.

கேட்டுக் கேட்டு இவளுக்கே பொறுக்காது. "போய்க் கதவைத் தட்டிக் கேக்க வேண்டியதுதானே. வாய் இருக்கா இல்லையா உனக்கு?" என்று எகிறுவாள். எப்படிக் கேட்பது, எங்கே குரலை உயர்த்துவது என்று வகுப்பே எடுப்பாள். அக்கா எல்லாவற்றுக்கும் சரிடி, சரிடி என்பாள். மறுநாள் பார்த்தால் கேட்டிருக்கவே மாட்டாள். மறுபடி நாற்காலி.

அதுகூடப் பரவாயில்லை. 'நீ எப்படி இருக்கே' என்று அக்கா கேட்பதே இல்லை, அதுதான் இவளை அறுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நிறுத்த முடியாமல் அழுதாள். அதோடு சரி, அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என்னவென்று சொல்வது? வேலைக்குப் போகும் கணவன் கதவைச் சாத்தியதும் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். குழந்தை அழுதால் பயம். அழாவிட்டால் அதைவிடப் பயம். தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்பாள்.

ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் அக்காவைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொண்டாள். தோழி பட்டென்று சொன்னாள்: "இந்த நேரத்துல உன் நிம்மதிதான் முக்கியம். அவங்கவங்க குப்பையை உன் தலையில கொட்ட விடாதே. யாரா இருந்தாலும் கதவைச் சாத்து."

அக்காவுக்குமா என்று தயங்கினாள். அப்புறம் அக்காவின் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

அன்று மத்தியானம் வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று சாய்ந்துகொண்டாள்.

மறுநாளும் அமைதிதான். கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. விரல் குழந்தையின் மூக்குக்குப் போனது. எடுத்தாள். மறுபடி போனது. அக்கா வழக்கமாகப் பேசும் அந்த நேரம் முழுக்க விரல் அங்கேயேதான் இருந்தது. கடைசியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை, கண் திறக்கிறதா பார்ப்போம் என்று தட்டி எழுப்பினாள். அது வீறிட்டது. இவளும் சேர்ந்து அழுதாள்.

சனிக்கிழமை அத்தான் வந்தார். கையில் ஒரு பை. குழந்தைக்கென்று அக்கா துவைத்து மடித்துக் கொடுத்த பருத்தித் துணிகள்.

"உனக்கு போனே போகலையாமே. உங்க அக்காவுக்குச் சோறு இறங்கல. நீயே போய்ப் பாரேன்னேன். அவ வேணும்னே எடுக்கலைன்னா நான் போய் நிக்கறது தப்பு, நீங்க பார்த்துட்டு வாங்கன்னா."

இவளுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றினாள். "நீங்களாவது அந்த மேல் வீட்டுக்காரியைக் கேக்கக் கூடாதா அத்தான்? நாற்காலிச் சத்தத்துல அக்கா எவ்வளவு கஷ்டப்படறா."

அத்தான் விழித்தார். "எந்த மேல் வீடு?"

"உங்க வீட்டுக்கு மேலதான்."

"எங்களுக்கு மேல மொட்டை மாடியும் தண்ணித் தொட்டியும்தாம்மா. தொட்டி எப்போ நாற்காலி இழுத்துது?"

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"இதுதானா சங்கதி. லீவு நாள்ல பார்த்திருக்கேன். உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. என்ன யோசனைன்னு ஒரு தடவை கேட்டேன். 'எப்படி இருக்கேன்னு கேட்டா அவ அழறா. என்னைத் திட்ட விட்டா அந்த நேரமாவது பயப்படாம இருக்கா. இன்னிக்கு எதுக்குத் திட்டு வாங்கலாம்னு பார்க்கறேன்'னா."

அவர் கை கழுவ உள்ளே போனார். இவள் போனை எடுத்தாள். தடையை நீக்கி நம்பரைத் தட்டினாள்.

முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை வேண்டுமென்றே உயர்த்தினாள்.

"என்னக்கா, உன் மேல் வீட்டுக்காரி இன்னிக்கு என்ன பண்ணினா?"