மூன்று நிமிடம்

"மூணு நிமிஷந்தான் தருவாங்களாம்க்கா. சுருக்கமாச் சொல்லிடுங்க" என்று கூட வந்த பெண் அவளுடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

முடியாதவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர்களுக்கு நியாயமான சம்பளம் தரச் சொல்லும் சட்ட மசோதாவை அன்று சட்டமன்றக் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. சாட்சி சொல்ல வந்தவளோ மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது உளறிக் கொட்டிட்டா?"

"வீட்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்குவீங்களே, அதுல பாதி பேசினாப் போதும்."

உள்ளே அழைத்தார்கள். தலைவர் காகிதத்திலிருந்து நிமிராமலே கேட்டார்: "இந்த வேலையில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"நான் அந்த வேலை செய்யறவ இல்லீங்க ஐயா. பன்னிரண்டு வருஷமா இன்னொருத்தர் கையால சாப்பிடறவ."

தலைவர் நிமிர்ந்தார். அப்போதுதான் சக்கர நாற்காலி அவர் கண்ணில் பட்டது.

"இதுவரைக்கும் எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கிட்டாங்க. யாரும் என்னைப் பிடிக்காமப் போகலை, சம்பளம் கட்டுபடியாகாமத்தான் போனாங்க. பின்னால நிக்கிறவ ஒன்பதாவது. இவளையாவது போக விடாதீங்க."

குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். மசோதா அவைக்குப் போனது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தாள்.

"திங்கக்கிழமை ஒரு கடையில வேலைக்குச் சேர்றதா இருந்தேன்க்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். இப்ப வரலைன்னு சொல்லிட்டேன்."

"அடிப் பைத்தியமே, இன்னும் சட்டமே ஆகலையேடி!"

"ஆகும்க்கா. அவையில ஓட்டுப் போடற அன்னைக்கு உங்களைத் தள்ளிட்டு வர ஆள் வேணாமா?"