கோட்டைக் கழற்றாத விருந்தாளிகள்

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு துண்டு கேக். பிறந்தநாள் வீடு என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? யோரின் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே நுழைந்தாள்.

கேக்கில் கிரீம் இல்லை. சுவரில் ஒரு தோரணம்கூட இல்லை. மழையே பெய்யாத நாளில் வாசல் மிதியடி முழுக்க ஈரக் களிமண்.

வந்தவர்கள் ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை, வீடு அப்படிக் குளிர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஹார்ம் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்பது தெரிந்ததுதான். சொந்தப் பிறந்தநாளிலுமா?

யோரினுக்கு ஹீட் பம்ப் கம்பெனியில் வேலை. கேஸ் இல்லாமல், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் அது. வீடு வீடாகப் போய் விற்பவர் தைஸ். ஆபீசில் உட்கார்ந்து விலைப்பட்டியல் தயாரிப்பதும், போனில் தாஜா பண்ணுவதும், தைஸ் அளந்துவிட்டதையெல்லாம் சரிக்கட்டுவதும் இவள்.

இந்த ஹார்முக்கு மட்டும் ஒரு வருடமாக விலைப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வரும் என்பார். பக்கத்து வீட்டுக்காரன் முதலில் மாட்டட்டும் என்பார். கடைசியில், "குளிருச்சுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கறோம்" என்று போனை வைத்துவிடுவார்.

போன வாரம் தைஸ் பனிச்சறுக்கு விளையாடப் போய், காலை முறித்துக்கொண்டு ஆஸ்திரியாவில் படுத்துவிட்டார். மேனேஜர் எட்வின் யோரினைக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் ஒரே ஒரு ஆர்டர் குறையுது. அந்த ஹார்ம் கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, உன்னை நிரந்தரம் பண்ணிடறேன். இல்லேன்னா, உன் கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியுதுல்ல?"

யோரின் உடனே போன் போட்டாள். அதிசயமாக, எடுத்தது ஹார்மின் மனைவி ஃபென்னா.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வாம்மா. பேப்பரையும் எடுத்துக்கிட்டு வா. சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. அன்னைக்கு அவரு குறுக்கே பேச மாட்டாரு."

மானிய விண்ணப்பத்துக்காக வாங்கி வைத்திருந்த பிறந்த தேதியைப் பார்த்தாள். அந்த வாரம்தான் ஹார்முக்கு எழுபது முடிகிறது. ஃபென்னா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யோரின் சந்தோஷத்தில் "கட்டாயம் வர்றேம்மா!" என்று போனை வைத்துவிட்டாள்.

வந்தும்விட்டாள். நெதர்லாந்தில் பிறந்தநாள் வீட்டுக்குப் போய், பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று வட்டத்தில் ஒருவர் விடாமல் கை குலுக்கி வாழ்த்த வேண்டும். யோரின் வாசல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"வாழ்த்துகள்! நீங்க தம்பியா? அதானே, குரலே அப்படியே இருக்கே! வாழ்த்துகள், வாழ்த்துகள்! அவரு நூறு வருஷம் இருக்கணும்!"

தம்பி கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்தார். ஒரு கிழவிக்குக் காபி புரையேறியது. மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோரின் தெற்கத்திக்காரி. வடகோடியில் இந்தக் குரோனிங்கன் பக்கத்து ஆட்களுக்கு வாயைத் திறந்தால் வரி என்று கேள்விப்பட்டிருந்தாள். உண்மைதான் போலிருக்கிறது.

"சரி, நம்ம கதாநாயகன் எங்க?" என்று கேட்டாள். "கையெழுத்துக்குப் பயந்து எங்கேயாச்சும் ஒளிஞ்சுக்கிட்டாரா?"

யார் கையிலிருந்தோ ஸ்பூன் விழுந்தது. ஃபென்னா சமையலறையிலிருந்து ஓட்டமாக வந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

ஐஸ் மாதிரி இருந்த அந்தக் கையைத் தொட்டதும் யோரினுக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. பாவம், இந்தக் குளிரில் இத்தனை வருடம் இந்த அம்மாள் எப்படித்தான் குடித்தனம் பண்ணினாரோ.

"கையெழுத்து எங்கம்மா போடணும்?" என்றார் ஃபென்னா.

"இங்க. ஆனா ஐயாவும் ஒத்துக்கணுமே?"

"அதை நான் பார்த்துக்கறேன்." ஃபென்னா பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "பெரிய மெஷினாவே குடு. மாடிக்கும் சேர்த்து. குளிக்கிற ரூமுக்கும்."

யோரினுக்குக் கண் கலங்கிவிட்டது. நிரந்தர வேலை! ஆனாலும் ஒரு வருட அனுபவம் சும்மா விடவில்லை.

"நாளைக்கே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா?"

"பண்ண மாட்டாரு."

"இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துட்டு, அவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்? எங்கம்மா இருக்காரு?"

ஃபென்னா பேனாவை மூடினார். ஜன்னல் வழியே சர்ச் கோபுரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கோட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"இப்பத்தாம்மா புதைச்சிட்டு வந்தோம். பரவாயில்ல, வாழ்த்தை நான் வாங்கிக்கறேன்."