நடுச்சுவருக்கு ஒரு கையெழுத்து

ராஜநாயகம் மாடிக் கூடத்தின் நட்டநடுவில் வந்து நின்று, தரை அதிர ஒரு குதி குதித்தார். அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"பார்த்தியாம்மா? அசையல. ஏன் அசையல? நேர் கீழே நடுச்சுவர் நிக்குது. அதைப் போய் எடுக்கணும்ங்கிறியே!"

எதிரே உட்கார்ந்திருந்த சண்முகவடிவு நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த மயிலாப்பூர் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் பதினான்கு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள் அவள். ராஜநாயகம் வீட்டுக்காரர், ரிடையரான ஓவர்சியர். தாம் கட்டிய பாலங்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்பதாக அவரே சொல்லுவார்.

மாடிக்கு வெளியே தனிப் படிக்கட்டு. டைப்ரைட்டர் சத்தத்தின் மேல் கோபித்துக்கொண்டு அவர் கீழ்ப்போர்ஷன் வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகிறது.

"மெஷின் எல்லாம் ஒரே ஹால்ல இருக்கணும்னு இப்போ ரூல் போட்டுட்டாங்க அண்ணாச்சி. சுவரை எடுக்க வீட்டுக்காரர் சம்மதம்னு நாளைக்குள்ள லெட்டர் குடுக்கணும். இல்லாட்டா நான் போர்டைக் கழத்தி வச்சிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றாள் சண்முகவடிவு.

"மெட்ராஸ் டெரஸும்மா இது! ரெண்டு பக்கத்துத் தேக்கு உத்தரமும் அந்தச் சுவர் மேலதான் தலை வச்சுப் படுத்திருக்கு. தலகாணியை உருவினா என்ன ஆகும்? நானும் பியாட்ரிஸும் கட்டிலோட உன் டைப்ரைட்டர் மேல வந்து எறங்குவோம்."

"எறங்கினா நீங்களும் லோயர் பாஸ் பண்ணிடலாம்" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி பியாட்ரிஸின் குரல் வந்தது.

ராஜநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. சண்முகவடிவு கூட்டி வந்திருந்த சைதாப்பேட்டை மேஸ்திரி அப்துல் வஹீத் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுய்யா, எப்படி எடுப்பே? ஒண்ணு தப்பாச் சொன்னாலும் எழுந்து போயிடணும்."

மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மொதல்ல செவுத்துக்கு ரெண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால முட்டு சார். உத்தரத்துக்கு அடியில நீளத்துக்குப் பலகை குடுத்து, ஆப்பு அடிச்சு டைட் பண்ணிக்கினு, அப்பால தான் செவுத்துல கை வைக்கணும்."

"முட்டுக்கட்டையை எது மேல நிறுத்துவே? வெறுந்தரையிலயா?"

"தரை குழிஞ்சிடாதா சார்? அதுக்குக் கீழயும் பலகை கீது."

ராஜநாயகத்தின் புருவம் ஒரு நூல் இறங்கியது. "இரும்புக் கர்டர்?"

"ரெண்டு. செவுரு பதிமூணரை இஞ்ச். இந்தப் பக்கம் பாதி ஆழத்துக்கு வெட்டி ஒரு கர்டரைச் சொருவி, மேல இடுக்குல சிமெண்ட் குத்தணும். அது இறுகின பின்னாடிதான் அந்தப் பக்கம் வெட்டறது. முனைங்க ரெண்டும் காங்கிரீட் மேல குந்தணும். அந்தக் காங்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணி காட்டணும்."

"மயிலாப்பூர்ல மனுஷனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. காங்கிரீட்டுக்கு ஏழு நாள் எங்கேர்ந்து காட்டுவே?"

"லாரித் தண்ணி சார். டீச்சரம்மா கியூவில நிப்பாங்க."

"நாலு நாள் காட்டிட்டுக் கர்டரை ஏத்தினா?"

"மையவாடியில குழிக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கணும் சார்."

ராஜநாயகத்துக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. "கடைசியா ஒண்ணு. சம்மட்டி எப்போ போடுவே?"

"போடவே கூடாது சார். மேலேர்ந்து உளியால ஒவ்வொரு கல்லா எடுக்கணும். ஒம்பதாவது உத்தரம் மட்டும், செவுத்துக்குள்ள பூந்துகினு கீற முனையில, நாலு இஞ்சுக்குக் கரையான் அரிச்சிருக்கு. அதுக்கு ஒரு இரும்புப் பட்டை குடுத்துட்டா நூறு வருசம் நிக்கும்."

சண்முகவடிவுக்கு ஏனோ இருமல் வந்தது.

சுவருக்குள் இருக்கும் கரையானைக்கூடக் கணக்கில் எடுக்கிற மேஸ்திரியை ராஜநாயகம் தம் முப்பது வருஷ சர்வீஸில் கண்டதில்லை. சாய்வு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"உன்னை மாதிரி ஒரு ஆள் அப்போ எனக்குக் கிடைச்சிருந்தா இன்னும் ரெண்டு பாலம் நின்னிருக்கும்யா" என்றார் உருக்கமாக. பிறகு கையை நீட்டினார். "எங்கேம்மா அந்த லெட்டர்?"

இரண்டு தரம் படித்தார். ஒரு கமாவைத் திருத்தினார். தேதி போட்டு, இங்க் பேனாவால் நீளமாகக் கையெழுத்திட்டார்.

சண்முகவடிவு மை உலரும் வரை ஊதினாள். மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"இரும்மா, ஒரு கண்டிஷன்." ராஜநாயகம் விரலை உயர்த்தினார். "சுவரை எடுக்கறப்போ நானும் பியாட்ரிஸும் இந்த மாடியில இருக்க மாட்டோம். நங்கநல்லூர்ல மச்சான் வீட்டுக்குப் போயிடுவோம். நாலு நாள் முந்தியே சொல்லிடணும். உயிர் விஷயம், ஆமா!"

அப்துல் வஹீத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார்.

"போன மாசம் ரெண்டு வாரம் வேளாங்கண்ணியில இருந்தீங்களே சார், அப்பவே எடுத்தாச்சு."