உமிழ்நீர்ச் சுரப்பி

செய்முறைத் தேர்வு. மாணவர்கள் ‘சிடுமூஞ்சி’ என்று பட்டம் சூட்டியிருந்த பேராசிரியர் நுண்ணோக்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“உமிழ்நீர்ச் சுரப்பி சார். ஆனா செல்லெல்லாம் கொத்துக்கொத்தா இல்லாம கண்டபடி கலைஞ்சு கிடக்கு. நரம்பு வரைக்கும் பரவியிருக்கு. கேன்சர்,” என்றாள் மாணவி.

“உளறாதே! அது நோய்நொடி இல்லாத சுரப்பி. முட்டைதான் போடுவேன்.”

“எனக்கு முன்னால வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்களாம் சார்.”

“ஆட்டு மந்தை! ஒருத்தி சொன்னா எல்லாரும் ஒப்பிக்கிறதா?”

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார். “ஸ்லைடை மாத்தி வெச்சுட்டியா?”

“இல்ல சார். பழசு உடைஞ்சதும் நீங்க கொண்டுவந்து குடுத்த சதையில செஞ்சதுதான்.”

பேராசிரியர் முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“நீ சொன்னது சரிம்மா. முழு மார்க்.”

மாணவியின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. “பாவம், இந்தச் சதைக்குச் சொந்தக்காரங்க இப்ப உயிரோட இருக்காங்களா சார்?”

பேராசிரியரின் நாக்கு, உதட்டின் உட்புறத்தில் இருந்த தையல் தழும்பைத் தடவியது. ‘வெறும் நீர்க்கட்டிதான், தூக்கிப் போட்டுடலாம்’ என்று அதை வெட்டியெடுத்த பல் மருத்துவரிடம், ‘ஓரத்துல நல்ல உமிழ்நீர்ச் சுரப்பி இருக்குமே, பாடம் நடத்த ஆகும்’ என்று அவர்தான் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

“இப்போதைக்கு இருக்காரும்மா,” என்றார்.