ஆளுக்கொரு சட்டி

“நாலு பேர், நாலு சட்டி. ஒருத்தரும் இன்னும் ஒரு கோவா இலைகூடப் போடேல்லை” என்றான் விதுர்சன்.

மேசையின் ஒரு பக்கம் அவனும் அவன் அப்பா உருத்திரமூர்த்தியும். எதிர்ப்பக்கம் வசந்தினியும் அவர் மகள் சாருஜாவும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன அடுப்பு. அதன்மேல் சூப் கொதிக்கும் ஒரு சின்னச் சட்டி. பக்கத்துத் தட்டில் காளான், முட்டைக்கோவா, டோஃபு, மெல்லிசாகச் சீவிய இறைச்சி. எல்லாம் வந்தபடியே கிடந்தன.

நகரத்துக்கு வெளியே புரோசார்ட்டில் இருந்த அந்தத் தாய்வான் சாப்பாட்டுக் கடையில் அவரவர் சட்டியில் அவரவரே அவித்துச் சாப்பிட வேண்டும். சம்பந்தம் பேச இதைவிட மோசமான இடம் கிடைக்காது. பேச்சு சரிவரும் வரை கை நனைப்பதில்லை, நனைத்தால் சம்மதம். இரண்டு வீட்டுக்கும் அதுதான் வழக்கம். வீடு என்றால் தட்டில் இருக்கும் வடையைக் காணாத மாதிரி இருந்துவிடலாம். இங்கே சட்டி முகத்துக்கு நேரே கொதிக்கிறது.

“உனக்கு வேற கடை கிடைக்கேல்லையே?” உருத்திரமூர்த்தி பல்லைக் கடித்தபடி கேட்டார்.

“எங்கட ஆக்கள் இருக்கிற பார்க் எக்ஸில எந்தக் கடைக்குள்ள போனாலும் ஆராவது சொந்தக்காரர் நிப்பினம். நாளைக்கு ஊர் முழுக்கக் கதை. இஞ்ச எங்களை ஒருத்தருக்கும் தெரியாது.”

“அம்மா சனிக்கிழமை சைவம்” என்றாள் சாருஜா.

“தெரியும். அதுக்குத்தான் ஆளுக்கொரு சட்டி. அவவின்ர சட்டிக்குள்ள ஒருத்தற்ற கரண்டியும் வராது.”

விதுர்சன் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். கண் எரிந்தது. இது மூன்றாவது இடம். முதல் இரண்டு இடத்துக்காரர்களும் அவன் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டதையும், டவுன்டவுனில் இரவு வேலை செய்வதையும் கேட்டதோடு தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். இதுவும் குழம்பினால் இனி இந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு முறையும் தன்னால்தான் குழம்பியது என்பது விதுர்சனுக்குத் தெரியும்.

கடையின் சொந்தக்காரி மிஸிஸ் லின் மூன்றாவது தடவையாக வந்து, வற்றிய சட்டிகளில் சூப் ஊற்றினாள். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். மூன்று மணிக்குக் கடை பூட்டினால் திரும்ப ஐந்துக்குத்தான் திறப்பேன் என்றும் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

“அங்கிள், ஒண்டு கேக்கட்டோ?” என்றாள் சாருஜா. “நீங்கள் கோபக்காரர் எண்டு கேள்விப்பட்டன்.”

“ஆர் சொன்னது?” உருத்திரமூர்த்தியின் குரல் உயர்ந்தது.

“இப்ப நீங்களே.”

விதுர்சன் சிரித்துவிட்டான். “கோபம் வரும். பத்து நிமிசத்தில போயிடும். பேந்து ஒண்டும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவார்.”

“வீட்டில சமையல் ஆர்?” என்று சாருஜா தொடர்ந்தாள்.

“நான்தான். இவன் கழுவுவான்” என்றார் உருத்திரமூர்த்தி.

“புட்டு அவிப்பியளோ?”

“அவிப்பன். கட்டி கட்டியாத்தான் வரும்.”

வசந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து விதுர்சனிடம் திரும்பினார்.

“தம்பி, படிப்பை ஏன் விட்டனீங்கள்?”

“அது வந்து, அந்த நேரம் அவனுக்கு...” என்று தொடங்கினார் உருத்திரமூர்த்தி.

“விடுங்கோ அப்பா. பிடிக்கேல்லை ஆன்ரி. விட்டிட்டன். திரும்பிப் போற யோசினையும் இல்லை.”

“இரவு வேலையோ?”

“ஓம். கிழமையில அஞ்சு நாள், ஹோட்டல் குசினியில. காலமை வந்து பின்னேரம் வரைக்கும் படுப்பன்.”

“அப்ப பகல்ல வீட்டில சத்தம் கேக்கப்படாது.”

அந்தத் தொனி அவனுக்குப் பழக்கம். இதற்குப் பிறகு கதிரைகள் பின்னுக்கு இழுபடும். அப்பா தன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

“பாட்டுப் போட்டா? பெலத்து?”

“போடட்டும். எனக்குக் காதுக்குப் பஞ்சு இருக்கு.” அவன் கண்ணைக் கசக்கினான். “இப்ப எங்கட வீட்டில கேக்கிறது ஃப்ரிட்ஜின்ர சத்தம் மட்டும்தான் ஆன்ரி. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு.”

வசந்தினி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சிகளால் ஒரு காளானைப் பிடிக்கப் பார்த்தார். இரண்டு தரம் வழுக்கியது. குச்சிகளை வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்துத் தன் சட்டிக்குள் போட்டார். சூப் தெறித்து விரல் நனைந்தது.

உருத்திரமூர்த்தி அவசர அவசரமாகத் தன் தட்டில் இருந்த இறைச்சி முழுவதையும் ஒரேயடியாகச் சட்டிக்குள் கவிழ்த்தார்.

“ஐயோ அப்பா, அது ஒவ்வொண்டாப் போடுறது.”

“எனக்குத் தெரியும். நீ வாயைப் பொத்து.”

சாருஜா விதுர்சனைப் பார்த்தாள். “சரி, இனி ரெண்டு பேரும் கொஞ்சம் தனியக் கதைக்கிறதுதானே முறை?”

“ஓமோம், அதுதான் முறை” என்ற விதுர்சன், தன் அடுப்பையும் சாருஜாவின் அடுப்பையும் அணைத்துவிட்டு எழுந்து ஜாக்கெட்டை மாட்டினான். சாருஜாவும் எழுந்தாள்.

“அம்மா, ஆறுதலாக் கதையுங்கோ. நாங்கள் பக்கத்துக் கடையில கோப்பி குடிக்கிறம்.”

“அப்பா, குறட்டை விடுறதையும் இப்பவே சொல்லிப்போடுங்கோ.”

மணி மூன்று. மிஸிஸ் லின் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியே விட்டாள். கொதிக்கிற இரண்டு சட்டிகளுக்குப் பின்னால் தலை குனிந்திருந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர்களை எழும்பச் சொல்லாமல், கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.