நான் பேசிக்கிறேன்

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றதும் ஷாமினி கதவைத் திறக்கப் போனாள்.

"நீ வாயே திறக்காதே. நான் பேசிக்கிறேன்" என்றாள் மாமியார் ராஜம்மா.

ஷாமினியை அடித்த வழக்கில் அவள் கணவன் புவனேசுக்குத் தண்டனை ஆகியிருந்தது. இனி அவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. பாபகூரா ராணுவ முகாமில் அவன் பார்க்கும் சிப்பாய் வேலையே ஆட்டம் கண்டிருந்தது. காலையில்தான் அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்திருந்தான்.

"என் வேட்டைத் துப்பாக்கியைக் கேட்டா, வித்தாச்சுன்னு சொல்லிடும்மா."

அது பூஜை அலமாரிக்குப் பின்னால் இருப்பது ஷாமினிக்குத் தெரியும். சொன்னால் அவன் சும்மா விடமாட்டான். சொல்லாவிட்டால், ஒருநாள் அதையே தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

துப்பாக்கி எங்கே என்று போலீஸ்காரி கேட்டு முடிப்பதற்குள், ராஜம்மா அவளைப் பூஜை அலமாரிக்கு அழைத்துப்போய்க் கையைக் காட்டினாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் துப்பாக்கி வெளியே வந்தது.

வண்டி போனதும் ஷாமினி திகைப்போடு கேட்டாள். "அத்தை, என்னை மட்டும் ஏன் பேசாதேன்னு சொன்னீங்க?"

"நீ காட்டிக் கொடுத்தா அவன் உன்னைத் தேடி வருவான்" என்ற ராஜம்மா, மகனைப் போனில் அழைத்தாள்.

"புவனேசு, நான்தான்டா காட்டிக் கொடுத்தேன்."